சுபாவங்கள் பலவிதம், ஆவியின் கனி ஒன்றே



நமது சபைகளின் வாலிபர் கூடுகைகளில் இப்பொழுது ஒரு புதிய பேச்சு கேட்கப்படுகிறது. "பாஸ்டர், நான் இன்ட்ரோவர்ட், என்னைச் சாட்சி சொல்ல அழைக்காதீர்கள்" என்கிறார் ஒரு தம்பி. "என்னுடைய டைப் ஐ.என்.எஃப்.ஜே." என்கிறார் ஒரு சகோதரி. பெங்களூரிலும் புனேயிலும் ஹைதராபாத்திலும் கணினி நிறுவனங்களில் பணிசெய்யும் நமது பிள்ளைகளுக்கு, பயிற்சி வகுப்பில் ஒரு வினாத்தாள் கொடுக்கப்பட்டு, முடிவில் நான்கு எழுத்துக்கள் வழங்கப்படுவதுண்டு. அதைக் கேட்ட பெற்றோர், "இதுவும் ஒருவகை ஜாதகம்தானா? விசுவாசிக்கு இது தகுமா?" என்று விசாரிக்கிறார்கள். மறுபுறத்தில், குடும்ப முகாம்களில் நான்கு சுபாவங்களைப்பற்றிப் போதிக்கப்பட்ட சிலர், தங்கள் துணைவருக்கு ஒரு பெயரைச் சூட்டி, அந்தப் பெயராலேயே வீட்டில் சண்டையிடுகிறார்கள். ஆகவே இந்தக் காரியத்தைச் சற்று விரிவாக ஆராய்வது நல்லது.

நான்கு நீர்களின் கதை

மனுஷரை வகைபிரிக்கும் எண்ணம் புதிதல்ல. கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்குமுன் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் ஹிப்போகிராத்தஸின் பெயரால் வழங்கும் நூல்களில், சரீரத்திலே இரத்தம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம், கபம் என்னும் நான்கு நீர்கள் உண்டென்றும், அவை சமமாயிருப்பதே ஆரோக்கியம் என்றும் சொல்லப்பட்டது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் என்னும் வைத்தியர் இவற்றை மனுஷருடைய குணத்தோடும் இணைத்தார். அவர் பிறந்த ஊர் பெர்கமு. வெளிப்படுத்தின விசேஷம் 2ஆம் அதிகாரத்தில் நாம் வாசிக்கும் அதே பெர்கமுதான். இரத்தம் மிகுந்தவர் கலகலப்பானவர், அவர் சாங்குயின். மஞ்சள் பித்தம் மிகுந்தவர் வேகமும் கோபமும் உள்ளவர், அவர் காலரிக். கரும்பித்தம் மிகுந்தவர் ஆழ்ந்து யோசித்துத் துயரப்படுகிறவர், அவர் மெலங்கலிக். கபம் மிகுந்தவர் அசையாத நிதானமுள்ளவர், அவர் ஃபிளெக்மாட்டிக். வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றைச் சித்த வைத்தியத்தின் வழியாய் அறிந்திருக்கிற நமக்கு இது அந்நியமாய்த் தோன்றாது. "அவனுக்குப் பித்த உடம்பு" என்று நமது பாட்டிமார் பேசியதும் ஏறக்குறைய இந்த வழியில்தான்.

இந்த நீர்கள் குணத்தை ஆளுகிறதில்லை என்று மருத்துவம் பின்னாளில் கண்டுகொண்டது. நீர்கள் போயின, பெயர்களோ நிலைத்துவிட்டன. நார்வே தேசத்து வேத பண்டிதர் ஓலே ஹாலஸ்பி இந்தச் சுபாவங்களை விசுவாச ஜீவியத்தோடு இணைத்து எழுதினார். அவரைத் தொடர்ந்து அமெரிக்கப் போதகர் டிம் லஹே, ஆவியானவர் ஆளுகைசெய்யும் சுபாவத்தைப்பற்றி 1966இல் ஒரு நூல் வெளியிட்டார். 1971இல் வந்த மற்றொரு நூலில் பேதுருவைச் சாங்குயின் என்றும், பவுலைக் காலரிக் என்றும், மோசேயை மெலங்கலிக் என்றும், ஆபிரகாமை ஃபிளெக்மாட்டிக் என்றும் விளக்கினார். நமது முகாம்களில் போதிக்கப்படுவது பெரும்பாலும் இந்த வழியில் வந்ததே.

ஒருவருடைய பிறவிச் சுபாவத்தின் பலவீனத்தை ஆவியானவர் மேற்கொள்ளக்கூடும் என்று லஹே வற்புறுத்தியது நல்ல போதகம். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் வேதத்தின் மனுஷரை நான்கு பெட்டிகளில் அடைப்பது வேதத்தை விளக்குவது ஆகாது. மோசேயைப் பாருங்கள். பூமியில் அவனைப்போல் சாந்தமுள்ளவன் இல்லை என்று எண்ணாகமம் 12:3 சாட்சியிடுகிறது. அவனே எகிப்தியனை வெட்டி மணலில் புதைத்தான் (யாத்திராகமம் 2:12). அவனே கோபங்கொண்டு கன்மலையை இரண்டுதரம் அடித்தான் (எண்ணாகமம் 20:11). இவனை எந்தப் பெட்டியில் வைப்பீர்கள்?

ஒரு தாயும் மகளும்

நான்கு எழுத்துக்களின் வரலாறு வேறு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் கார்ல் யுங், ஒரு சீர்திருத்த சபைப் போதகரின் மகன். 1921இல் அவர் வெளியிட்ட நூலில்தான் அகமுக சுபாவம், புறமுக சுபாவம் என்னும் பகுப்பு பிரபலமாயிற்று. யுங்கின் ஆன்மீகக் கருத்துக்களில் பல நமக்கு ஏற்புடையவை அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எனினும் ஒருவர் செய்த கவனிப்பு சரியா தவறா என்பதைத் தனியே சோதித்தறியலாம்.

அமெரிக்காவில் கேதரின் பிரிக்ஸ் என்னும் தாயார் இருந்தார். அவருடைய மகள் இஸபெல் 1917ஆம் ஆண்டளவில் தான் மணக்கப்போகிறவரை வீட்டுக்கு அழைத்துவந்தபோது, அந்த வாலிபர் தங்கள் குடும்பத்தார் எவரையும் போலல்லாமல் முற்றிலும் வேறுவிதமாய் யோசிக்கிறதைக் கண்டு தாயார் வியப்படைந்தார். அங்கிருந்துதான் அவருடைய ஆராய்ச்சி வளர்ந்தது. (மருமகனைப் புரிந்துகொள்ள மாமியார் எடுத்த முயற்சி உலகப் புகழ்பெற்றது இந்த ஒருமுறைதான் போலும்!) 1923இல் யுங்கின் நூல் ஆங்கிலத்தில் வந்தபோது அதை ஆவலோடு ஏற்றுக்கொண்டார். தாயும் மகளும் உளவியலை முறைப்படி பயின்றவர்கள் அல்லர். இரண்டாம் உலக யுத்த காலத்தில், திரளான பெண்கள் முதன்முறையாய்த் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சென்றபோது, யாருக்கு எந்த வேலை இசையும் என்று அறிய உதவும்படி மகள் இஸபெல் மையர்ஸ் இந்த வினாத்தாளை உருவாக்கத் தொடங்கினார். மையர்ஸ்–பிரிக்ஸ் என்னும் பெயர் இவ்வாறு வந்தது. 1980இல் வெளியான அவருடைய நூலின் தலைப்பு ரோமர் 12:6இலிருந்து எடுக்கப்பட்டது என்பது நமது வாசகர்களில் அநேகர் அறியாத செய்தியாயிருக்கும்.

அந்த நான்கு எழுத்துக்கள் நான்கு சாய்வுகளைக் குறிக்கின்றன. ஜனங்களோடு இருக்கையில் பெலனடைகிறவர் ஒருவர், தனித்திருந்து பெலனடைகிறவர் மற்றொருவர். இது முதலாவது. கண்ணுக்கு முன்பாக உள்ள விவரங்களைப் பற்றிக்கொள்வதா, அவற்றின் பின்னேயுள்ள தொடர்பைத் தேடுவதா என்பது இரண்டாவது. தீர்மானிக்கையில் நியாயத்தை முன்வைப்பதா, சம்பந்தப்பட்ட மனுஷரை முன்வைப்பதா என்பது மூன்றாவது. எல்லாவற்றையும் முன்னதாகவே ஒழுங்குசெய்வதா, கடைசிவரை திறந்து வைத்திருப்பதா என்பது நான்காவது. இரண்டிரண்டாக நான்கு, ஆக மொத்தம் 16 வகைகள். இவை திறமைகள் அல்ல, சாய்வுகளே. வலக்கையால் எழுதுகிறவருக்கு இடக்கையும் உண்டல்லவா? ஏகூத் இடதுகைப் பழக்கமுள்ளவனாயிருந்தான் என்று நியாயாதிபதிகள் 3:15 சொல்லுகிறது. கர்த்தர் அவனை வலக்கைப் பழக்கத்துக்கு மாற்றியபின் பயன்படுத்தவில்லை.

எம்மட்டும் நம்பலாம்?

1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்னும் உளவியல் ஆசிரியர் தமது மாணவர் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குண விளக்கம் எழுதிக்கொடுத்தார். எவ்வளவு பொருத்தமாயிருக்கிறது என்று 5க்கு மதிப்பெண் இடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. பின்பு அவர் உண்மையை வெளிப்படுத்தினார். அனைவருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே தாள்! கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வாக்கியங்களே அதில் இருந்தன. வார ராசிபலனைப் படித்து "எனக்கென்றே எழுதியதுபோலிருக்கிறது" என்று ஜனங்கள் சொல்வதன் இரகசியம் இதுதான். "உனக்கு இந்த டைப் அப்படியே பொருந்துகிறது" என்று சொல்லப்படும்போது நமது வாலிபரும் இதை நினைவில்கொள்ள வேண்டும்.

மையர்ஸ்–பிரிக்ஸ் சோதனை சோதிடம் அல்ல. நாம் சொன்ன பதிலைத்தான் அது தொகுத்துத் திரும்பச் சொல்லுகிறது. ஆனால் அதில் ஒரு பெரிய குறை உண்டு. மனுஷரில் பெரும்பாலோர் இரு முனைகளுக்கும் நடுவில் நிற்கிறவர்கள். சபையாரை ஐந்தரை அடியில் ஒரு கோடு கிழித்து நெட்டையர், குட்டையர் என்று இரண்டே கூட்டமாகப் பிரித்தால், கோட்டின் அருகே நிற்கிறவர்கள் கதி என்ன? ஆகவேதான் சில வாரங்கள் கழித்து மறுபடியும் எழுதுகிறவர்களில் கணிசமானோருக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடுகிறது. ஆராய்ச்சியாளர் இப்போது அதிகம் நம்புவது வேறொரு முறை. புதுமையை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, புறமுகப் போக்கு, இணங்கிப்போகும் குணம், மனக்கலக்கம் என்னும் ஐந்தும் ஒவ்வொருவரிடமும் எவ்வளவு உள்ளது என்று அதில் அளந்து பார்க்கிறார்கள். இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்ததில், குணவேறுபாடுகளில் ஏறக்குறைய பாதி பிறவியில் வருகிறதென்று கண்டிருக்கிறார்கள். வயது ஏற ஏற ஜனங்கள் பொதுவாகப் பொறுப்பிலும் இணக்கத்திலும் வளருகிறார்கள் என்பதும் அறியப்பட்டிருக்கிறது. சுபாவம் கல்லில் வெட்டிய எழுத்தல்ல.

இந்தச் சோதனையை வேலைக்கு ஆள் தெரிவுசெய்யப் பயன்படுத்தக்கூடாது என்று அதை வெளியிடுகிறவர்களே சொல்லுகிறார்கள். அப்படியானால் வரன் தெரிவுசெய்ய மட்டும் பயன்படுத்தலாமா? ஜாதகப் பொருத்தத்தை விட்டு வந்த நாம், எழுத்துப் பொருத்தம் பார்க்கத் தொடங்கினால் எதை விட்டு வந்தோம் என்றே கேட்கவேண்டியிருக்கும்.

ஏலி பார்த்த வாய்

இனி நமது சபைக்குள் வருவோம். எனக்குப் பாரமாயிருப்பது இதுவே. நாம் பெந்தெகொஸ்தே ஜனம். கைதட்டி, சத்தத்தை உயர்த்தி, கண்ணீரோடு ஆராதிக்கிற ஜனம். அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். ஆனால் பின்வரிசையில் கண்களை மூடி, உதடுகள் மட்டும் அசைய நிற்கும் ஒரு பிள்ளையைக் குறித்து, "அவளிடம் அக்கினி இல்லை", "பின்மாற்றத்தில் இருக்கிறாள்" என்று நாம் எத்தனைமுறை தீர்ப்புச் சொல்லுகிறோம்! சில பிள்ளைகள் அந்தத் தீர்ப்பை நம்பிவிடுகிறார்கள். தங்களுக்கும் ஆவியானவருக்கும் சம்பந்தமில்லை என்று எண்ணி, நகரத்தில் மௌனமாய் உட்கார இடங்கொடுக்கும் வேறொரு சபைக்குப் போகிறார்கள், அல்லது எங்கும் போகாமல் நின்றுவிடுகிறார்கள்.

சீலோவின் ஆலயத்தில் அன்னாள் ஜெபித்ததை 1 சாமுவேல் 1ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். அவள் இருதயத்திலே பேசினாள், சத்தமோ கேட்கப்படவில்லை. ஆசாரியனாகிய ஏலி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்து, அவள் வெறித்திருக்கிறாள் என்று நினைத்துக் கடிந்துகொண்டான். இஸ்ரவேலின் சரித்திரத்தை மாற்றிய ஜெபங்களில் ஒன்று அன்றைக்கு ஏறெடுக்கப்பட்டது. அதை அவனால் கண்டுகொள்ளக்கூடவில்லை. இப்போது அப்போஸ்தலர் 2:13க்குத் திருப்புங்கள். மேலறையில் நிரப்பப்பட்டவர்கள் பல பாஷைகளில் பேசியபோது, பரியாசக்காரர் அவர்களையும் மதுபானத்தால் நிறைந்தவர்கள் என்றே சொன்னார்கள். சத்தமில்லாமல் ஜெபித்தவளும் வெறித்தவள், சத்தமாய்ப் பேசினவர்களும் வெறித்தவர்கள்! வெளித்தோற்றத்தைப் பார்த்து ஆவியின் கிரியையை அளக்கிறவர்கள் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். ஏலியிடம் ஒரு நன்மையும் இருந்தது. அன்னாள் விளக்கிச் சொன்னபோது அவன் கேட்டான், கேட்டு அவளை ஆசீர்வதித்து அனுப்பினான்.

தீமோத்தேயுவின் காரியத்தையும் கவனியுங்கள். பயமுள்ள ஆவியைத் தேவன் நமக்குக் கொடுக்கவில்லை என்று பவுல் அவனுக்கு எழுதியதை (2 தீமோத்தேயு 1:7) நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். ஆனால் அவன் பயமில்லாமல் உங்களிடத்தில் இருக்கப் பாருங்கள் என்னும் கருத்தில் அதே பவுல் கொரிந்து சபைக்கும் எழுதினார் (1 கொரிந்தியர் 16:10, 11). கூச்சமுள்ளவனுக்கு ஒரு புத்திமதி, அவனைச் சுற்றியுள்ள சபைக்கு ஒரு கட்டளை. இரண்டாவதை நாம் பிரசங்கிப்பது குறைவு.

அந்தத் தம்பியை மேடையில் திடீரென அழைத்து ஒலிவாங்கியைக் கையில் கொடுப்பதைவிட, முந்தின வாரமே சொல்லி, சாட்சியை எழுதிவந்து வாசிக்க இடங்கொடுங்கள். ஆயினும் சாட்சியிடும் கடமையிலிருந்து இன்ட்ரோவர்ட் என்ற சொல் ஒருவரையும் விடுவிக்காது. அவர் நூறு பேருக்குமுன் பேசாவிட்டாலும், மின்சார ரயிலில் பக்கத்தில் நிற்கிற ஒருவரிடம் பேசலாம்.

பெத்தானியா வீட்டில்

மார்த்தாள், மரியாள் என்றவுடன் லூக்கா 10ஆம் அதிகாரத்தோடு நாம் நின்றுவிடுகிறோம். யோவான் 11ஐயும் 12ஐயும் சேர்த்து வாசித்தால்தான் அந்த வீடு முழுமையாய் விளங்கும். லாசரு மரித்தபோது, இயேசு வருகிறாரென்று கேட்டவுடன் மார்த்தாள் எழுந்து எதிர்கொண்டு போனாள். மரியாளோ வீட்டிலே உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஆண்டவரிடம் சொன்னது ஏறக்குறைய ஒரே வாக்கியம்: நீர் இங்கே இருந்திருந்தால் அவன் மரிக்கமாட்டான் என்பது (வசனங்கள் 21, 32). வாக்கியம் ஒன்று, ஆனால் பெற்றுக்கொண்ட பதில்கள் இரண்டு. மார்த்தாளோடு அவர் பேசினார், உயிர்த்தெழுதலைப்பற்றிய மகா சத்தியத்தை அவளுக்கு வெளிப்படுத்தினார், பேதுருவின் அறிக்கைக்கு இணையான ஓர் அறிக்கையை அவள் வாயிலிருந்து வரச்செய்தார் (வசனம் 27). மரியாளுக்கோ உபதேசம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அழுகிறதைக் கண்டு கலங்கி, அவரும் கண்ணீர்விட்டார்.

இவ்விருவரும் எந்த டைப் என்று நான் எழுதப்போவதில்லை. துக்க வீட்டுக்குப் போகிற நாம், அங்குள்ள எல்லாருக்கும் ஒரே பிரசங்கத்தைச் செய்துவிட்டு வருகிறோமே, அதைத்தான் யோசிக்கச் சொல்லுகிறேன். அடுத்த அதிகாரத்தில் மார்த்தாள் மறுபடியும் பந்தியில் பணிவிடை செய்கிறாள் (12:2). அவளுடைய சுறுசுறுப்பை ஆண்டவர் எடுத்துப்போடவில்லை. முன்பு லூக்காவில் கேட்ட முறுமுறுப்பு மட்டும் அங்கே இல்லை.

"என் சுபாவம் அப்படி"

கோபித்துக் கத்தும் தகப்பன் சொல்லும் சாக்கு இது. "நான் காலரிக், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டேன்" என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்வதுண்டு. அவர் மனதில் வைத்துக்கொள்வதில்லை, உண்மைதான். அதைக் கேட்ட மனைவியும் பிள்ளைகளும் வைத்துக்கொள்ளுகிறார்கள். நாபாலோடு ஒருவரும் பேசக்கூடாது என்று அவனுடைய வேலைக்காரரில் ஒருவனே அபிகாயிலிடம் முறையிட்டான் (1 சாமுவேல் 25:17). நமது வீடுகளிலும் தகப்பன் சாவியைத் திருப்பும் சத்தம் கேட்டவுடன் பேச்சு நின்றுபோகிறதானால், அதற்குச் சுபாவம் என்று பெயர் வைக்கக்கூடாது, பாவம் என்றே பெயர்.

வரங்களையும் கனியையும் வேதம் வேறுபடுத்திக் காட்டுகிறது. வரங்களை ஆவியானவர் தமது சித்தத்தின்படி பகிர்ந்து கொடுக்கிறார் (1 கொரிந்தியர் 12:11). எல்லாருக்கும் எல்லாம் கிடைப்பதில்லை. கலாத்தியர் 5:22, 23இல் கனி என்னும் சொல்லோ மூலபாஷையிலும் ஒருமையில் இருக்கிறது. ஒன்பது குணங்கள் சேர்ந்த ஒரே கனி. அதில் நீடிய பொறுமையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எட்டையும் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கனி வெளிப்படும் விதம் சுபாவத்துக்குத் தக்கதாய் மாறும். ஒரு சகோதரியின் அன்பு வாசலில் நின்று வருவோரை வாயார வரவேற்பதில் தெரியும். மற்றொருவரின் அன்பு, கன்வென்ஷன் முடிந்து அனைவரும் போனபின் அண்டாக்களைத் தேய்த்துக் கவிழ்த்துவைப்பதில் தெரியும். இடிமுழக்க மக்கள் என்று பெயர்பெற்று, ஒரு கிராமத்தின்மேல் அக்கினி இறக்கத் துடித்த யோவான் (மாற்கு 3:17, லூக்கா 9:54), பின்னாளில் அன்பைப்பற்றி எழுதிய நிருபங்களிலும் பொய்யரைப் பொய்யர் என்றே எழுதுகிறார். குரல் பழைய குரல்தான், அக்கினி மட்டும் வேறு.

பத்துக்குப் பன்னிரண்டு அடி

மும்பையில் தாராவியிலோ ஆன்டாப்ஹில்லிலோ பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறுபேர் வாழும் குடும்பத்துக்குத் தனிமை என்பது ஆடம்பரப் பொருள். தொலைக்காட்சி, குக்கர் சத்தம், ஊரிலிருந்து வேலைதேடி வந்த உறவினர் என்று எல்லாம் ஒரே அறையில். அமைதியை நாடும் பிள்ளை மாடிப்படியில் போய் உட்கார்ந்தால், "யாரிடமும் ஒட்டமாட்டேன் என்கிறான்" என்று தாய் கலங்குகிறாள். கப்பர்நகூமில் சீமோனுடைய வீட்டு வாசலில் பட்டணமே கூடிவந்ததற்கு அடுத்த அதிகாலையில், ஆண்டவர் ஒருவருக்கும் சொல்லாமல் வனாந்தரமான இடத்துக்குப் போனார் (மாற்கு 1:35). அவரையும் சீஷர்கள் தேடிக்கொண்டுதான் போனார்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பூட்டிக்கிடக்கும் ஜெபக்கூடங்களை, ஒரு மூப்பரின் மேற்பார்வையில் மாலை 6 மணிமுதல் 9 மணிவரை பிள்ளைகள் படிக்கவும் சும்மா உட்காரவும் திறந்துவைக்கலாமே. மின்விசிறிக்கு ஆகும் செலவு பெரிதல்ல.

பிள்ளைகளை ஒப்பிடுவதையும் விட்டுவிடுவோம். ஏசா வனசஞ்சாரி, யாக்கோபு கூடாரவாசி. ஈசாக்கு ஒருவனையும் ரெபெக்காள் மற்றவனையும் பிடித்துக்கொண்டார்கள் (ஆதியாகமம் 25:27, 28). அந்த வீட்டின் கதை எப்படி முடிந்ததென்று நமக்குத் தெரியும்.

சுபாவம் அல்ல, சுகவீனம்

கடைசியாக ஒரு காரியம். முன்பு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவர் இரண்டு வாரங்களுக்குமேல் தூக்கமின்றி, பசியின்றி, எதிலும் விருப்பமின்றி இருந்தால், "அவள் மெலங்கலிக்" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். அது மனச்சோர்வு என்னும் வியாதியாயிருக்கலாம். எலியா சூரைச்செடியின்கீழ் சாகவேண்டுமென்று கோரியபோது கர்த்தர் முதலாவது அவனை உறங்கவிட்டார், தூதன் இரண்டுமுறை அவனை எழுப்பிப் போஜனம் கொடுத்தான். இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வி அதற்குப் பின்புதான் வந்தது (1 இராஜாக்கள் 19).

மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவச மனநல உதவித் தொலைபேசியின் எண் 14416. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் இரவும் பகலும் பேசலாம். சாக நினைப்பதாக ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஜெபிப்பதை நிறுத்தவேண்டாம். மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தச் சொல்லவேண்டாம். முதல்முறை செல்லும்போது இந்தியோ மராத்தியோ கன்னடமோ சரளமாய்ப் பேசக்கூடிய ஒரு சகோதரியைச் சபை உடன் அனுப்பினால், ஊரிலிருந்து வந்து சில காலமே ஆன தாய்மார் தங்கள் மனதிலுள்ளதை மருத்துவரிடம் சொல்லக்கூடும்.